கணக்கெடுப்பு ஏட்டில் ஒரு வண்டித் தச்சர் வீடு: ஒரு மாதச் சந்தாவின் பயன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில் சென்ற ஆண்டு நான் ஒரு தச்சுக் கருவிப் பெட்டியை வாங்கினேன். உள்ளே நான்கு இழைப்புளிகளும் பிடி உடைந்த சில உளிகளும் இருந்தன. மூடியின் உட்புறத்தில், வெள்ளை வண்ணம் பாதி உதிர்ந்த நிலையில், ஓர் ஆங்கிலேயரின் பெயரும், பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரும், 1853 என்ற ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. அதே பெயர் இழைப்புளிகளின் முன்முகத்திலும் முத்திரையாக அடிக்கப்பட்டிருந்தது. "ரங்கூனிலிருந்து திரும்பிய செட்டியார் வீட்டுச் சாமானோடு வந்தது, ஆசாரியாரே, இதன் அருமை உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் கடைக்காரர். பர்மாத் தேக்கில் நிலையும் கதவும் செதுக்கிய தச்சர்களின் வழியில் வந்தவன் நான். தேவகோட்டையைச் சுற்றியுள்ள பழைய வீடுகளின் கதவுகளைச் செப்பனிடுவதே இன்றும் என் தொழில். அந்தப் பெயருக்குரியவர் எப்படி வாழ்ந்தார், அவர் பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்தார்கள், அவருக்குப் பின் அதை எடுத்து நடத்தியவர் யார் என்று அறியும் ஆவலில், விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் படமாகக் காட்டும் சந்தா சேவை ஒன்றில் ஒரு மாதத்துக்குச் சேர்ந்தேன். அந்த ஒரு மாதத்தில் எனக்குக் கிடைத்ததையும் கிடைக்காததையும் இங்கே எழுதுகிறேன். இதே ஏடுகளை வழங்கும் சேவைகள் பல இருக்கின்றன. அவற்றின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது. ஆகவே நான் சேர்ந்த சேவையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில், காசு கொடுத்து நாம் பார்ப்பது எதை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகளை எண்ணிவந்தார்கள் என்றாலும், நாடு முழுவதும் ஆட்களின் பெயர்களை எழுதிப் பாதுகாத்தது 1841 முதல்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் கொடுக்கப்படும். குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை இரவில் அந்த வீட்டில் தங்கியிருந்த அனைவரையும் குடும்பத் தலைவர் அதில் எழுத வேண்டும். பின்னர் கணக்கெடுப்பாளர் அந்தப் படிவங்களைத் திரட்டி, தம் கையெழுத்தில் ஓர் ஏட்டில் படியெடுப்பார். 1841 முதல் 1901 வரை வீட்டுப் படிவங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியிருப்பவை கணக்கெடுப்பாளரின் ஏடுகள் மட்டுமே. அவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வசம் இருக்கின்றன. சேவை நமக்குத் தருவது அந்த ஏட்டுப் பக்கங்களின் படங்களும், யாரோ அவற்றைப் படித்துத் தட்டச்சு செய்த படியும், அந்தப் படியின்மேல் இயங்கும் தேடல் பெட்டியுமாகும். இம்மூன்றின் தரமும் ஒன்றல்ல. படம் பொன் போன்றது. தட்டச்சுப் படியை நம்பிவிடக் கூடாது. தேடலின் வெற்றி தேடுகிறவரின் பொறுமையைப் பொறுத்தது.

என் தேடல் 1851இல் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச் 30ஆம் நாள் இரவுக்கான ஏடுதான் ஒரு குடும்பத்தைப் பற்றி முதன்முதலாக விரிவாகப் பேசுகிறது. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு, மணமானவரா, சரியான வயது என்ன, என்ன தொழில், எந்த மாவட்டத்தில் எந்த ஊரில் பிறந்தார் என்பவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பெயரையும் ஊரையும் உள்ளிட்டதும் மூன்றாவது விடையாகவே என் தச்சர் கிடைத்துவிட்டார். வயது 31. தொழில் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். அதையடுத்து "எஜமானர், ஓர் ஆளையும் ஒரு பயிற்சியாளரையும் வைத்திருக்கிறார்" என்ற குறிப்பு. ஆள் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்று அந்த ஆண்டின் படிவத்திலேயே அறிவுறுத்தல் இருந்தது. அதனால்தான் சிற்றூர்ப் பட்டறை ஒன்றின் அளவு நமக்கு இன்று தெரிகிறது. அவருக்குக் கீழே 28 வயது மனைவி, ஐந்து வயது மகள், மூன்று வயது மகன், ஆறு மாதக் குழந்தை, 60 வயது விதவையான மாமியார், கடைசியில் வேறு குடும்பப் பெயருடைய 16 வயதுப் பையன், அவனே பயிற்சியாளன். தொழில் பழகுகிறவன் எஜமானரின் வீட்டிலேயே உண்டு உறங்கியிருக்கிறான். என் பாட்டனாரும் பதின்மூன்று வயதில் கண்டனூரில் தம் குருவின் வீட்டுத் திண்ணையில் படுத்துத்தான் தொழில் கற்றார் என்று என் தந்தையார் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பையனின் வரியைப் படித்தபோது நான் திரையிலிருந்து சற்று நேரம் கண்ணை எடுக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இச்சேவையில் மிக நன்றாக அமைந்திருக்கிறது. ஒரே பக்கத்தில் முன்பின் வீடுகளும் தெரிகின்றன என்பதே இதில் பெரிய நன்மை. தேடல் விடையை மட்டும் படித்துவிட்டு நகர்கிறவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள். ஏட்டில் ஒரு வீடு முடியும் இடத்தையும், ஒரே வீட்டுக்குள் ஒரு குடித்தனம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தையும் வெவ்வேறு கோடுகளால் குறிப்பது வழக்கம். இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் தச்சரின் வீட்டையடுத்த வீடு கொல்லருடையது என்று கண்டுகொண்டேன். எனக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. தச்சர் சக்கரத்தின் குடத்தையும் ஆரக்கால்களையும் வட்டையையும் மரத்தில் செய்து பொருத்தினாலும், இரும்புப் பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி, வட்டையின்மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து இறுக்கினால்தான் அது சக்கரமாகும். அந்த வேலைக்கு இரண்டு பட்டறைகளும் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். மாட்டு வண்டிகள் ஓடிய காலத்தில் நம் ஊர்களிலும் தச்சுப் பட்டறையும் கொல்லுப் பட்டறையும் பக்கம் பக்கமாகவே இருந்தன. தெருவின் மற்ற வீடுகளில் பெரும்பாலானவை கூலி விவசாயிகளுடையவை, "ஏ.ஜி. லேப்" என்ற சுருக்கத்தைக் கணக்கெடுப்பாளர் பக்கம் முழுவதும் எழுதிக்கொண்டே போகிறார்.

பெண்களின் வரிகள் தனியே சொல்லத்தக்கவை. இந்த ஏடுகளைப் பொதுவாகப் பார்த்தால், பட்டறையில் கணக்கு எழுதியும் ஆட்களுக்குச் சமைத்தும் பாதி வேலையைச் சுமந்த மனைவியின் தொழில் கட்டம் வெறுமையாக இருக்கும், அல்லது "இன்னாருடைய மனைவி" என்று மட்டும் இருக்கும். பெட்ஃபோர்ட்ஷயரில் அப்படி இல்லை. தச்சரின் மனைவிக்கும் மாமியாருக்கும் நேரே கோதுமைத் தாள் பின்னுகிறவர் என்று எழுதப்பட்டிருக்கிறது. லூட்டன் நகரத்தின் தொப்பித் தொழிலுக்காகக் கோதுமைத் தாளை நீளமான பட்டைகளாகப் பின்னிக் கொடுப்பது அந்த வட்டாரத்துச் சிற்றூர்ப் பெண்களின் வருமானமாக இருந்தது. சின்னஞ்சிறு குழந்தைகளும் அதில் ஈடுபட்டார்கள். பத்தாண்டு கழித்து 1861ஆம் ஆண்டின் ஏட்டில் மூத்த மகளும், அப்போது எட்டு வயதான இன்னொரு மகளும் பின்னுகிறவர்களாகவே பதிவாகியிருக்கிறார்கள். பனையோலையில் கொட்டான் முடையும் செட்டிநாட்டுப் பெண்களின் விரல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இருபுறமும் தாளை வளைத்துக்கொண்டு வாசற்படியில் அமர்ந்திருக்கும் அந்தத் தாயும் மகளும் கண்முன்னே வந்தார்கள். நம் வீடுகளில் கொட்டான் பெரும்பாலும் சீருக்கும் சடங்குக்கும் முடையப்பட்டது. அங்கே பின்னல் அன்றாட ரொட்டிக்கானது. கணவனின் வேலை குறைந்த மாதங்களில் அந்தப் பின்னல்தான் குடும்பத்தைத் தாங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இனி குறைகளுக்கு வருகிறேன். 1861ஆம் ஆண்டில் அதே பெயரை உள்ளிட்டுத் தேடியபோது எதுவும் கிடைக்கவில்லை. மூன்று மாலைகள் வீணாயின. பிறகு குடும்பப் பெயரை அறவே விட்டுவிட்டு, மனைவியின் முதற்பெயர், உத்தேச வயது, பிறந்த ஊர் ஆகியவற்றை மட்டும் கொடுத்துத் தேடினேன், உடனே கிடைத்தது. தட்டச்சு செய்தவர் குடும்பப் பெயரின் முதல் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தார். அதோடு தொழிலையும் "வீல்ரைட்" என்பதற்குப் பதிலாக "மில்ரைட்" என்று பதிந்திருந்தார். வண்டிச் சக்கரம் செய்கிறவர் ஆலை இயந்திரம் அமைக்கிறவராகிவிட்டார். தொழிலே அடையாளமாக இருந்த ஒரு மனிதருக்கு இது சிறிய பிழையன்று. மூலப் படத்தில் எழுத்துகள் தெளிவாகவே இருக்கின்றன. ஒருவர் இரண்டாம் முறை பார்த்திருந்தால் பிழை நேர்ந்திராது. திருத்தத்தைச் சுட்டிக்காட்டும் படிவம் சேவையில் உண்டு. நான் நிரப்பி அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்ற தானியங்கி மறுமொழி வந்தது. சந்தா முடியும் நாளில் பார்த்தபோதும் பிழை அப்படியே இருந்தது. பணம் வாங்கும் சேவை இதைச் சரிசெய்யத்தான் வேண்டும்.

எல்லாப் பிழைகளுக்கும் சேவை பொறுப்பல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1841ஆம் ஆண்டின் ஏடுகள் பென்சிலில் எழுதப்பட்டவை. படத்தில் பல வரிகள் மங்கிவிட்டன. அந்த ஆண்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி சொல்லப்பட்டிருந்தது, உறவுமுறையும் எழுதப்படவில்லை. ஆகவே என் தச்சர் அங்கே வேறொருவர் வீட்டில், 20 வயது என்ற குறிப்போடு, கூலித் தச்சராக நிற்கிறார். பின்னால் வந்த ஏடுகளைக் கொண்டு பார்த்தால் உண்மையில் அவருக்கு 21 நடந்துகொண்டிருந்தது. பிற்கால ஏடுகளில் வேறொரு தொல்லை உண்டு. லண்டனில் அட்டவணை தயாரித்த எழுத்தர்கள் எண்ணி முடித்ததற்கு அடையாளமாக வயதுக் கட்டத்தின்மேல் கோடு கிழித்திருக்கிறார்கள். அதனால் 1 எது, 7 எது என்று தடுமாற வேண்டியிருக்கிறது. வயதுகள் தாமே நேராக ஓடுவதும் இல்லை. 1851இல் 31ஆக இருந்தவர் 1861இல் 40ஆகவும் 1871இல் 52ஆகவும் இருக்கிறார். பிறந்த நாளைக் கொண்டாடாத சிற்றூரில் இதுவே இயல்பு. ஓரிரு ஆண்டு வேறுபாட்டைக் கண்டு ஆள் வேறு என்று முடிவு கட்டிவிடாமல், பிறந்த ஊரும் மனைவி மக்களின் பெயர்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பத்தாண்டுக்கு ஒரு படமாக அந்தக் குடும்பம் விரிந்து சுருங்குவதைப் பார்ப்பதுதான் இந்தச் சந்தா தந்த மிகப் பெரிய பயன். 1861இல் பட்டறையில் இரண்டு ஆட்களும் ஒரு பையனும். 13 வயது மகன் தந்தையிடமே தொழில் பழகுகிறான். 1871இல் அவன் முழுத் தச்சன். 1881இல் 62 வயதான தந்தையின் பெயருக்கு எதிரே தொழில் மட்டுமே இருக்கிறது, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. மணமான மகன் அடுத்த வீட்டில் தனிக் குடித்தனமாக இருக்கிறான், அவனுடைய பிள்ளைகளுக்கு எதிரே பள்ளி மாணவர் என்று எழுதப்பட்டிருக்கிறது. தொடக்கக் கல்வி 1880இல் கட்டாயமாக்கப்பட்டதன் தடம் அது. அந்தப் பிள்ளைகளின் வயதில் அவர்களுடைய அத்தைமார் தாள் பின்னிக்கொண்டிருந்தார்கள். 1891ஆம் ஆண்டின் ஏடு ஐந்துக்கும் குறைவான அறைகள் உள்ள குடித்தனங்களில் அறைகளின் எண்ணிக்கையைக் கேட்கிறது. தச்சரின் விதவை மனைவி ஒரு பேத்தியோடு நான்கு அறைகளில் இருக்கிறார். அவரை மணந்து அந்தக் கருவிப் பெட்டியின் மூடியில் தம் பெயரை எழுதிக்கொண்டவர் அந்தப் பட்டியலில் இல்லை.

விக்டோரியா அரசி 1901 ஜனவரியில் இறந்தார். அவர் காலத்தைத் தாண்டியது என்றாலும் 1911ஆம் ஆண்டின் ஏட்டைப் பார்க்காமல் யாரும் சந்தாவை முடித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆண்டு முதல்தான் குடும்பத் தலைவரே நிரப்பிய படிவம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. சேவையில் அதன் வண்ணப் படத்தைக் காணலாம். 63 வயதான மகன் தம் கைப்படத் தம்மை "வண்டித் தச்சர், இறுதிச்சடங்குப் பணியாளர்" என்று எழுதியிருக்கிறார். சிற்றூர்த் தச்சரே சவப்பெட்டியும் செய்து அடக்க ஏற்பாட்டையும் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கமாக இருந்தது. மணமாகி 36 ஆண்டுகள், பிறந்த குழந்தைகள் ஏழு, உயிரோடு இருப்பவர்கள் ஐவர், இறந்தவர்கள் இருவர். இந்தக் கேள்விகள் அந்த ஆண்டில்தான் முதன்முதலாகக் கேட்கப்பட்டன. இறந்துபோன இரு குழந்தைகளுக்கான பெட்டிகளையும் அவரே செய்திருப்பார் என்று எண்ணும்போது, கணக்குக்காகக் கேட்கப்பட்ட எண்களை எண்களாக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. படிவத்தின் அடியில் அவருடைய கையொப்பம் இருக்கிறது. எழுத்துகள் பெரியவை, ஒவ்வொன்றும் அளவெடுத்து வைத்ததுபோல் நிற்கின்றன.

இத்தனையையும் பார்த்த பிறகு, நம் பக்கத்துக்கு இப்படி ஒரு சேவை கிடைக்குமா என்று கேட்கும் அன்பர்களுக்கு வருத்தத்தோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை மாகாணத்திலும் அதே விக்டோரியா காலத்தில் 1871 நவம்பரில் கணக்கெடுப்பு நடந்தது. அதன் அறிக்கையைக் கார்னிஷ் என்ற அதிகாரி தயாரிக்க, 1874இல் அது அச்சாயிற்று. 1881 பிப்ரவரி 17ஆம் நாள் இரவில் இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணினார்கள். நம் செட்டிநாட்டு ஊர்களில் சிவகங்கை ஜமீனைச் சேர்ந்தவை அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்தன. இன்னொரு பகுதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. அந்த அறிக்கைகளைப் புரட்டினால் கம்மாளர் என்ற ஒரு தலைப்பும் அதற்கெதிரே ஓர் எண்ணும் கிடைக்கும். தச்சரும் கொல்லரும் தட்டாரும் கன்னாரும் கல்தச்சரும் அந்த ஓர் எண்ணுக்குள் இருக்கிறார்கள். வீடு வீடாக எழுதிய பட்டியல்கள் அட்டவணைகள் தயாரானதும் காக்கப்படவில்லை. என் கொள்ளுப்பாட்டனார் ஏதோ ஒரு பட்டியலில் ஒரு வரியாக நிச்சயம் இருந்திருப்பார். அந்த வரி இன்று இல்லை.

நகரத்தார் சமூகத்தின் நிலை வேறு. மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணி, ஒன்பது நகரக் கோயில்களும் கணக்கு வைத்திருக்கின்றன. திருமணத்துக்கு இசைகுடிமானம் என்ற ஒப்பந்த ஓலையும், வரவுக்கு மொய்ப்பண ஏடும், தொழிலுக்குப் பேரேடும் ஐந்தொகையும் எழுதப்பட்டன. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சுத் தாள்கள் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. எழுதி வைக்கும் பழக்கம் இந்த மண்ணில் இருந்தது என்பதற்கு இவையே போதும். அந்த வீடுகளின் முகப்பையும் வளவையும் இழைத்தவர்களின் பெயர்கள் கூலிக் கணக்கின் ஓரங்களில் இருக்கக்கூடும். பழைய வீட்டைச் செப்பனிடுகிறவர்களும் விற்கிறவர்களும் பரண்மேல் கிடக்கும் கணக்குக் கட்டுகளை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்க்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சந்தாவைப் பற்றிய நடைமுறைச் செய்திகள் சில. கட்டணம் என் ஒன்றரை நாள் தச்சுக்கூலிக்குச் சமம். கிடைத்ததைப் பார்க்கும்போது அதை மிகை என்று சொல்ல மாட்டேன். பணம் செலுத்துவதற்கு முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அனுமதித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அட்டை ஏற்கப்படாது. மாதம் முடிந்ததும் சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும் என்பது ஒப்பந்தத்தின் நடுவில், எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. நிறுத்துவதற்கான பொத்தானைக் கண்டுபிடிக்கவே கணக்குப் பக்கத்தில் நெடுநேரம் அலைய வேண்டியிருந்தது. இது வாடிக்கையாளரை மதிக்கும் முறையன்று. சேர்ந்த அன்றே புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். மாதம் முடியும்வரை சேவை தொடரும். 1921ஆம் ஆண்டின் ஏடு 2022 ஜனவரியில் திறந்துவிடப்பட்டது, அதற்குப் பிந்தியவற்றை எதிர்பார்க்க வேண்டாம்: 1931ஆம் ஆண்டினுடையவை 1942 டிசம்பரில் தீயில் அழிந்தன, 1941இல் போரின் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை.

காசு கொடுக்காமலே தொடங்கவும் வழி உண்டு. ஃபேமிலிசர்ச் தளத்தில் பதிவு செய்துகொண்டால் 1881ஆம் ஆண்டின் பட்டியலை இலவசமாகத் தேடலாம்; ஏராளமான தன்னார்வலர்கள் கூடி எழுதிய படி அது. ஃப்ரீசென் என்ற தளத்திலும் தன்னார்வலர்கள் எழுதிய படிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அங்கே 1881இல் குடும்பத்தைக் கண்டுபிடித்து, பெயர்களையும் பிறந்த ஊர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் ஒரு மாதச் சந்தா கட்டி முன்னும் பின்னும் நகர்வதே செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். கிடைத்த ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் உடனே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்; அதன் ஓரத்தில் உள்ள ஏட்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தா முடிந்த பிறகு நம்மிடம் மிஞ்சுவது அவ்வளவுதான்.

இழைப்புளிகளில் இரண்டை அலகு தீட்டிப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். பள்ளத்தூரில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டுக் கதவுக்கு விளிம்பு இழைத்தது அவற்றில் ஒன்றால்தான். பக்கத்து வீட்டுக் கொல்லர் 1861இல் நான்கு மகன்களோடு இருந்தார். 1871இல் அந்த உலைக்கு எதிரே வேறொரு பெயர் இருக்கிறது. அவர்கள் எங்கே போனார்கள் என்று பார்ப்பதற்காக, மழைக்காலத்தில் வேலை குறையும் மாதத்தில் மீண்டும் ஒருமுறை சந்தா கட்டுவதாக இருக்கிறேன்.